தின் கிளையன்ட்: பெட்டி மலிவு, மொத்தக் கணக்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் எட்டு பேர். எல்லாம் பழைய சிஸ்டம். விண்டோஸ் 11 ஏறவில்லை. ஒரு சர்வரும் எட்டு தின் கிளையன்ட் பெட்டியும் போட்டால் பாதிச் செலவில் முடிந்துவிடும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: பெட்டியின் விலையை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி. கொட்டேஷனில் சாஃப்ட்வேர் லைசென்ஸ் வரிகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

தின் கிளையன்டில் வேலை எதுவும் நடப்பதில்லை. சர்வரில் ஓடும் திரையைக் காட்டுவதும், கீபோர்டு, மவுஸ் அசைவுகளை அங்கே அனுப்புவதும்தான் அதன் வேலை. எட்டு பேரும் ஒரே விண்டோஸில் ஒரே நேரத்தில் நுழைகிறார்கள். சாதாரண விண்டோஸ் 10, 11 புரோவில் ரிமோட் டெஸ்க்டாப் (நெட்வொர்க் வழியே வேறொரு கம்ப்யூட்டருக்குள் நுழையும் வசதி) வழியாக ஒரு சமயத்தில் ஒருவர்தான் வேலை செய்யலாம். எட்டு பேருக்கு விண்டோஸ் சர்வர் வேண்டும். அதோடு ஆளுக்கு (அல்லது பெட்டிக்கு) ஒரு சர்வர் சி.ஏ.எல். (சர்வரைப் பயன்படுத்தும் உரிமம்), அதற்கு மேல் ஒரு ஆர்.டி.எஸ். சி.ஏ.எல். (ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையும் உரிமம்). இரண்டும் தனித்தனி. விண்டோஸ் சர்வர் 2022 ஸ்டாண்டர்ட் வெளிவந்தபோது அதன் பட்டியல் விலை மட்டுமே 1,069 டாலராக இருந்தது.

தோராய விலைகளை வைத்து ஒரு கணக்கு போடுவோம். உங்கள் கொட்டேஷன் எண்களை அதே இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். சர்வர் மெஷின் 90,000, ஆன்லைன் யு.பி.எஸ். 15,000, விண்டோஸ் சர்வர் 90,000. ஆள் எத்தனை பேரானாலும் இந்த 1,95,000 ரூபாய் போட்டே ஆகவேண்டும். பிறகு ஆளுக்கு: பழைய தின் கிளையன்ட் 5,000, சர்வர் சி.ஏ.எல். 3,500, ஆர்.டி.எஸ். சி.ஏ.எல். 12,000. ஆக 20,500. எட்டு பேருக்கு 1,64,000. மொத்தம் 3,59,000. மானிட்டர் இல்லாமல் ஒரு புது கம்ப்யூட்டர் 32,000 என்றால் எட்டுக்கு 2,56,000 தான். பாதி எங்கே, ஒரு லட்சம் கூடுதலாக அல்லவா போகிறது!

இரண்டு வழிக்கும் ஆளுக்கு 11,500 ரூபாய் வித்தியாசம். 1,95,000-ஐ அதால் வகுத்தால் 17 வருகிறது, அதாவது 17 பேர் இருந்தால்தான் இரண்டு செலவும் சமம். அத்தனை பேருக்குப் பெரிய சர்வர் வேண்டும் என்பதால் நடைமுறையில் 20 என்று கொள்ளுங்கள். அதற்குக் கீழே விண்டோஸ் தின் கிளையன்டை விலைக்காக மட்டும் வாங்குவதில் அர்த்தமில்லை.

இன்னும் இரண்டு செலவு ஒளிந்திருக்கிறது. டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) சில்வர் லைசென்ஸ் ஒருவருக்கானது. பலர் ஒரே நேரத்தில் நுழைய கோல்டு வேண்டும். எம்.எஸ். ஆபீஸ் விஷயமும் அப்படித்தான். கடையில் வாங்கும் ஹோம் அண்டு பிசினஸ் பதிப்பை ரிமோட் டெஸ்க்டாப் சர்வரில் போட்டால், டெர்மினல் சர்வீசஸ் உள்ள கம்ப்யூட்டரில் இதைப் பயன்படுத்த முடியாது என்று நின்றுவிடும். வால்யூம் லைசென்ஸ் (நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் உரிமம்), இல்லையென்றால் பலர் பகிரும் கம்ப்யூட்டரில் ஆக்டிவேட் செய்ய அனுமதிக்கும் மைக்ரோசாஃப்ட் 365 திட்டம் தேவை. பிசினஸ் பிரீமியத்தில் அந்த வசதி உண்டு, பிசினஸ் ஸ்டாண்டர்டில் கிடையாது. லிப்ரே ஆபீஸ் போதுமென்றால் இந்தச் செலவு மிச்சம்.

விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் இன்டெல் என்றால் 8-ம் தலைமுறை பிராசசரும். எட்டு பேருக்கு எங்கள் பரிந்துரை, கம்பெனிகள் கழித்துவிட்ட 8-ம் தலைமுறை மினி கம்ப்யூட்டர்கள்: டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060 மைக்ரோ, லெனோவோ எம்720கியூ, எச்.பி. எலைட்டெஸ்க் 800 ஜி4 மினி. 16 ஜி.பி. ராம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போட்டு வாங்குங்கள்.

தின் கிளையன்ட் உங்களுக்குப் பயன்பட வேறொரு காரணம் இருக்கலாம். ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள் மாணவர்கள் வருவதும் போவதுமாக இருக்கும் இடத்தில், வாடிக்கையாளர் கணக்கு ஒன்றுகூட அவர்கள் மேசையில் உள்ள பெட்டியில் தங்காது. பென்டிரைவில் ஏற்றுவதையும் ஒரே இடத்தில் தடுத்துவிடலாம். அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு லட்சம் கொடுக்கலாமா என்று யோசித்து முடிவெடுங்கள்.

கேள்வி: ஆர்.டி.எஸ். சி.ஏ.எல். எல்லாம் வேண்டாம், அது இல்லாமலே ஓட்டித் தருகிறேன் என்கிறாரே கடைக்காரர்? (கரூர் வாசகர்)

பதில்: ஓடும். 120 நாள் ஓடும். ஆர்.டி.எஸ். போட்டதும் மைக்ரோசாஃப்ட் தரும் சலுகைக் காலம் அது. நான்கு மாதம் ஒரு குறையும் இல்லாமல் நடந்து, ஒருநாள் காலை யாரும் உள்ளே நுழைய முடியாமல் போகும். சர்வர் கெட்டுவிட்டது என்று நினைத்து ஹார்டுவேர் ஆளைக் கூப்பிடுவார்கள். ஆர்.டி. லைசென்சிங் டயக்னோசர் என்ற கருவி சர்வரிலேயே இருக்கிறது. பணம் கொடுக்கும் முன் அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு வழியாகச் சாதாரண விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் கோப்பை ஏமாற்றும் 'ராப்பர்' புரோகிராம்கள் உலவுகின்றன. லைசென்ஸ் மீறல் என்பது ஒரு பக்கம். விண்டோஸ் அப்டேட் அந்தக் கோப்பை மாற்றும்போதெல்லாம் மொத்த அலுவலகமும் நின்றுபோகும் என்பது மறுபக்கம்.

சி.ஏ.எல். வாங்குபவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டொமைன் (எல்லாருடைய லாகினையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) அமைக்காமல் வெறும் ஒர்க்குரூப்பில் சர்வரை வைத்து, யூசர் சி.ஏ.எல். வாங்கிப் போட்டால், சர்வர் 2019, 2022 இரண்டிலும் லைசென்சில் சிக்கல் இருப்பதாகவும் 60 நிமிடத்தில் இணைப்பு துண்டிக்கப்படும் என்றும் செய்தி வரும். சொன்னபடி துண்டிக்கவும் செய்யும். டொமைன் வேண்டாம் என்றால் டிவைஸ் சி.ஏ.எல். வாங்குங்கள். ஒரே மேசையில் இரண்டு ஷிஃப்ட் வேலை நடக்கும் இடத்துக்கும் அதுவே லாபம்.

கேள்வி: பனியன் கம்பெனி அலுவலகம், 22 பேர். லைசென்ஸ் உட்பட எல்லாம் கணக்குப் பார்த்து தின் கிளையன்ட் என்று முடிவு செய்துவிட்டோம். டேலி, எக்செல், மெயில்தான் வேலை. சர்வர் எவ்வளவு பெரிதாக வேண்டும்? (திருப்பூர் வாசகர்)

பதில்: டேலி, எக்செல் மட்டும் என்றால் ஆளுக்கு 1.5 ஜி.பி. ராம் போதும். பிரவுசர் நுழைந்ததும் கணக்கு மாறிவிடும், மெயிலும் ஜி.எஸ்.டி. போர்ட்டலும் திறந்திருந்தால் ஆளுக்கு 2.5 ஜி.பி. என்று வையுங்கள். 22 பேருக்கு 55, விண்டோஸுக்கு 8. ஆகவே 64 ஜி.பி. பிராசசர் 8 கோர் போதும். ஹார்டு டிஸ்க் வேண்டவே வேண்டாம். காலை ஒன்பதரைக்கு 22 பேரும் ஒரே நேரத்தில் லாகின் செய்யும்போது அது திணறும். இரண்டு எஸ்.எஸ்.டி.யை, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும் மிரர் முறையில் போடுங்கள்.

நெட்வொர்க்கில் பலர் தேவையில்லாமல் செலவழிப்பார்கள். டைப் செய்யும் ஒருவருக்கு ஒரு எம்.பி.பி.எஸ். கூடத் தேவைப்படாது. 24 போர்ட் கிகாபிட் சுவிட்ச், கேட்6 கேபிள், அவ்வளவுதான். வைஃபையில் மட்டும் போடாதீர்கள். வேகம் இருக்கும், ஆனால் சீராக இருக்காது. அடித்த எழுத்து அரை நொடி கழித்துத் திரையில் வரும். அந்த எரிச்சலுக்கு எல்லாரும் சர்வரைத் திட்டுவார்கள்.

ஓட ஆரம்பித்தபின் வரும் தொல்லை பெரும்பாலும் ராமில்தான். சி.பி.யு., டிஸ்க், நெட்வொர்க் மூன்றையும் ஆர்.டி.எஸ். தானாகவே எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். ராமைப் பங்கிடாது. ஒருவர் குரோமில் 40 டேப் திறந்து வைத்தால் மீதி 21 பேரும் அதன் விலையைக் கொடுப்பார்கள். பிரவுசரின் மெமரி சேவர் அமைப்பை குரூப் பாலிசி (எல்லாருக்கும் ஒரே அமைப்பை விதிக்கும் விண்டோஸ் வசதி) வழியாக எல்லாருக்கும் கட்டாயமாக்குங்கள்.

அடுத்தது, யாரும் லாக் ஆஃப் செய்ய மாட்டார்கள். விண்டோவின் பெருக்கல் குறியை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போவார்கள். செஷன் (சர்வரில் அவர் திறந்த வேலை) உள்ளே உயிரோடு இருக்கும், திறந்த டேலியும் அப்படியே இருக்கும். ராமும் போகும், வேறொருவர் கம்பெனி டேட்டாவை பேக்கப் எடுக்கப் போனால் யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று வரும். துண்டித்த செஷன் 2 மணி நேரத்தில் முடிந்துவிட வேண்டும் என்று பாலிசி போடுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் செஷன் செத்துவிடக் கூடாது, அதனால்தான் 2 மணி.

மின்வெட்டில் இந்த முறைக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. மேசையில் உள்ள பெட்டி அணைந்தாலும் சர்வர் நிற்காதவரை எதுவும் போகாது. திரும்ப நுழைந்தால் பாதி அடித்த வவுச்சர் அப்படியே இருக்கும். 22 மேசைக்கும் யு.பி.எஸ். தேவையில்லை. சர்வருக்கு 1 கே.வி.ஏ. ஆன்லைன் யு.பி.எஸ். ஒன்று போதும். சுவிட்சையும் அதிலேயே மாட்டுங்கள், இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

சர்வர் படுத்துவிட்டால் 22 பேரும் சும்மா உட்கார வேண்டும். வாராவாரம் முழு இமேஜ் பேக்கப் எடுப்பதோடு, அதை ஏற்றி இயக்கக்கூடிய இன்னொரு மெஷினும் கையில் இருக்க வேண்டும். 32 ஜி.பி. போட்ட ஒரு நல்ல டெஸ்க்டாப் அவசரத்துக்குப் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு, பேக்கப்பை அதில் ஏற்றி டேலி திறக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மின்கட்டணத்தில் எவ்வளவு மிச்சம் ஆகும்? (கோவை வாசகர்)

பதில்: விளம்பரத்தில் சொல்லும் அளவுக்கு இல்லை. மானிட்டர் இரு பக்கமும் ஒன்றுதான், அதை விட்டுவிடுவோம். 20 பழைய டெஸ்க்டாப், 50 வாட் வீதம், நாளுக்கு 9 மணி நேரம், வருடம் 300 நாள்: 2,700 யூனிட். 20 தின் கிளையன்ட், 10 வாட் வீதம்: 540 யூனிட். 120 வாட் சர்வரை வேலை நேரத்தில் மட்டும் ஓட்டினால் 324, இரவு பகலாக ஓட்டினால் 1,051. ஆக மிச்சம் 1,836 அல்லது 1,109 யூனிட். இதே இடத்தில் 20 வாட் எடுக்கும் மினி கம்ப்யூட்டர்களைப் போட்டால் வருடத்துக்கு 1,080 யூனிட்தான். அணையாத சர்வரோடு சேர்ந்த தின் கிளையன்ட் (1,591) அதைவிட அதிகம். சர்வர் அறைக்கு ஏ.சி. வைத்தால் கேட்கவே வேண்டாம்.

கேள்வி: டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை சர்வரில் செருகினால் எட்டு பேரும் பயன்படுத்தலாம் அல்லவா? செருகினோம், யாருக்கும் தெரியவில்லை. (மதுரை வாசகர்)

பதில்: தெரியாது. டி.எஸ்.சி. டோக்கனை விண்டோஸ் ஸ்மார்ட் கார்டாகத்தான் பார்க்கிறது. ரிமோட் செஷனில் இருப்பவருக்கு அவர் மேசைப் பெட்டியில் செருகிய கார்டுதான் காட்டப்படும். சர்வரில் செருகியதை மறைத்துவிடும். அதனால் டோக்கனை அவரவர் தின் கிளையன்டில் செருகி, ரிமோட் டெஸ்க்டாப் அமைப்பில் 'லோக்கல் ரிசோர்சஸ்' பகுதியில் ஸ்மார்ட் கார்டுக்கு டிக் போட வேண்டும். டோக்கனின் டிரைவர் சர்வரில் இருக்க வேண்டும். பெட்டியில் லினக்ஸ் ஓடினால் அதன் ஸ்மார்ட் கார்டு சேவையும் டோக்கனை அடையாளம் காண வேண்டும். சில டோக்கன்களை அது கண்டுகொள்வதே இல்லை.

அதைத் தாண்டினாலும் போர்ட்டலில் முட்டும். கையெழுத்துக்கான இ.எம்.சைனர் போன்ற புரோகிராம்கள் பிரவுசரோடு பேச, கம்ப்யூட்டரின் உள்ளேயே ஒரு போர்ட்டைத் திறந்து காத்திருக்கும். ஒரே சர்வரில் எட்டு பேர் அதை இயக்கினால், முதலில் வந்தவர் அந்தப் போர்ட்டைப் பிடித்துக்கொள்வார். மற்றவர்களுக்குப் பிழைதான் வரும். இதற்கு மாற்றுவழி தேடி நேரத்தைக் கரைக்காதீர்கள். கையெழுத்துக்கென்று சாதாரண விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் ஒன்றை ஓரமாக வையுங்கள்.

கேள்வி: தின் கிளையன்டுக்கு மாறியதிலிருந்து டாட் மேட்ரிக்ஸில் பில் அடிக்க ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது, எழுத்தும் மங்கல். பிரின்டர் பழுதா? (விருதுநகர் வாசகர்)

பதில்: பிரின்டரில் கோளாறில்லை. ரிமோட் டெஸ்க்டாப், 'ஈஸி பிரின்ட்' என்ற பொது டிரைவர் வழியாகப் பக்கத்தைப் படமாக்கி அனுப்புகிறது. லேசருக்கு அது பரவாயில்லை. டாட் மேட்ரிக்ஸ், எழுத்தாக வந்தால் சரசரவென்று அடிக்கும். படமாக வந்தால் புள்ளி புள்ளியாக ஊசியைக் குத்தும்.

சர்வரில் அந்த பிரின்டரின் சொந்த டிரைவரை நிறுவுங்கள். பிறகு குரூப் பாலிசியில், ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்டின் பிரின்டர் பகுதிக்குப் போய், ஈஸி பிரின்ட் டிரைவரை முதலில் பயன்படுத்தும் அமைப்பை 'டிசேபிள்' செய்யுங்கள். லாக் ஆஃப் செய்து மறுபடி நுழைய வேண்டும். டேலியில் அச்சு முறையை 'நீட்' என்பதிலிருந்து டாட் மேட்ரிக்ஸுக்கு மாற்றுங்கள். இது முடிந்ததும் பில் பழைய வேகத்துக்கு வந்துவிடும். பில்லிங் கவுண்டரில் கூட்டம் அதிகம் என்றால் பிரின்டரை ஒரு சிறிய பிரின்ட் சர்வர் வழியாக நேரே நெட்வொர்க்கில் மாட்டிவிடுவது இன்னும் நிம்மதி.

கேள்வி: பழைய தின் கிளையன்ட் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? அதற்குப் பதில் ராஸ்பெரி பை போடலாமா? (சென்னை வாசகர்)

பதில்: ரிச்சி தெருவில் கிடைப்பவற்றில் டெல் வைஸ் 3040, எச்.பி. டி520, டி620 அதிகம் கண்ணில் படும். முதலில் அடாப்டர். வைஸ் 3040-ல் 5 வோல்ட், 12 வோல்ட் என்று இரண்டு வகை உண்டு; வெளியில் ஒன்றுபோலவே இருக்கும். கடைக்காரர் கையில் கிடைத்த அடாப்டரைக் கொடுத்துவிடுவார். பெட்டியின் அடியில் உள்ள லேபிளைப் படித்துவிட்டுச் செருகுங்கள். அடுத்து, அதில் டிஸ்பிளே போர்ட் மட்டும்தான். உங்கள் மானிட்டர் வி.ஜி.ஏ. என்றால் ஒவ்வொன்றுக்கும் கன்வர்ட்டர் செலவு சேரும். பயாஸ் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய பெட்டியை என்ன விலைக்கும் வாங்காதீர்கள்.

ராஸ்பெரி பை 4 என்ற கையளவு கம்ப்யூட்டரில் 2 ஜி.பி. மாடலே இந்த வேலைக்குத் தாராளம். ஆனால் கேஸ், 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர், எஸ்.டி. கார்டு, மைக்ரோ எச்.டி.எம்.ஐ. கேபிள் எல்லாம் சேர்ந்தால் பழைய தின் கிளையன்டின் விலையைத் தாண்டிவிடும். போடுவதாக இருந்தால் மூன்று விஷயம். மொபைல் சார்ஜரில் ஓட்டாதீர்கள். திரை மூலையில் மின்னல் குறி வந்தால் மின்னழுத்தம் போதவில்லை என்று பொருள். பட்டென்று மின்சாரம் போனால் கார்டில் உள்ள கோப்புகள் கெடும். அமைப்பெல்லாம் முடித்தபின் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்கி கார்டைப் படிக்க மட்டும் என்று ஆக்கிவிடுங்கள். பை 4-ல் மின்சாரம் இல்லாதபோது ஓடும் கடிகாரம் கிடையாது. நெட்வொர்க் வருவதற்குள் சர்வரில் நுழைய முயன்றால் தேதி தப்பாக இருந்து சான்றிதழ் பிழை காட்டும். ரவுட்டரிலோ சர்வரிலோ நேரச் சேவை ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பள்ளி அலுவலகம். எங்களுக்கு எல்லாமே பிரவுசரில்தான், ஆன்லைன் பதிவேற்றம், மெயில். ஆறு பழைய கம்ப்யூட்டர். தின் கிளையன்ட் சர்வர் வாங்கலாமா? (தஞ்சை வாசகர்)

பதில்: வேண்டாம். சர்வரே தேவையில்லாத வேலை இது. பழைய மெஷின்களில் 4 ஜி.பி. ராமும் ஒரு சிறிய எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாக கூகுளின் குரோம் ஓ.எஸ். ஃபிளெக்ஸ் போடுங்கள், இலவசம். லினக்ஸ் பழகியவர் யாராவது இருந்தால் எல்.டி.எஸ்.பி. இன்னும் நல்லது: ஒரு மெஷினில் உள்ள இமேஜிலிருந்து மற்ற ஐந்தும் நெட்வொர்க் வழியே பூட் ஆகும், டிஸ்கே வேண்டாம், அப்டேட் ஒரே இடத்தில். அதன் இப்போதைய பதிப்பில் புரோகிராம்கள் அந்தந்த மேசையின் பிராசசரிலேயே ஓடுகின்றன. அதனால் வீடியோவும் தடங்காது, சர்வருக்கும் பாரமில்லை. பூட் மெனுவில் பி.எக்ஸ்.இ. (நெட்வொர்க் வழி பூட்) முதலிடத்தில் இருக்க வேண்டும். அரசுத் தளம் ஏதாவது விண்டோஸ் மட்டும்தான் என்று அடம்பிடிக்கும், அதற்கு ஒரு விண்டோஸ் மெஷினை விட்டுவையுங்கள்.

கேள்வி: டி.டி.பி. சென்டருக்கு? கோரல்டிரா, போட்டோஷாப். (சிவகாசி வாசகர்)

பதில்: கூடாது. பெரிய படத்தை நகர்த்தும்போதெல்லாம் முழுத்திரையும் மாறும், அதைச் சுருக்கி அனுப்புவதில் நிறமும் மாறும். தமிழ் எழுத்துரு மென்பொருளுக்காக யு.எஸ்.பி.யில் செருகும் பூட்டான டாங்கிள் வேறு தொல்லை தரும்.

கேள்வி: வீட்டிலிருந்தும் சர்வரில் நுழைய ரவுட்டரில் 3389 போர்ட்டை (ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசல்) திறந்து கொடுத்திருக்கிறார்கள். பரவாயில்லையா? (சேலம் வாசகர்)

பதில்: இதைப் படித்து முடிக்கும் முன் மூடுங்கள். டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஆட்கள் இணையம் முழுக்க முதலில் தட்டிப் பார்க்கும் கதவு அது. போர்ட் எண்ணை மாற்றி வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். தின் கிளையன்ட் அலுவலகத்தில் எல்லா டேட்டாவும் ஒரே சர்வரில் இருப்பதால் ஒரே பாஸ்வேர்டில் மொத்தமும் போகும். வயர்கார்டு போன்ற வி.பி.என். (பாதுகாப்பான தனிப்பாதை) வைத்து, அதற்குள் நுழைந்தபின்தான் ரிமோட் டெஸ்க்டாப் என்று அமையுங்கள். ஐந்து தடவை தப்பாக அடித்தால் கணக்கு பூட்டிக்கொள்ளட்டும். டேலி ஓட்டும் யாருக்கும் அட்மின் உரிமை வேண்டாம். பேக்கப் டிஸ்க் இரண்டு வாங்கி மாற்றி மாற்றி மாட்டுங்கள். சர்வரிலேயே எப்போதும் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தேதான் ரான்சம்வேர் பூட்டும்.

கேள்வி: தின் கிளையன்டில் தமிழ் டைப் செய்தால் எழுத்து தாறுமாறாக வருகிறது. (நாகர்கோவில் வாசகர்)

பதில்: இரண்டு இடத்திலும் தமிழ் கீபோர்டு ஓடிக்கொண்டிருக்கும். ரிமோட் டெஸ்க்டாப் பொதுவாக எழுத்தை அனுப்பாமல், எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை மட்டும் அனுப்பும். அதைத் தமிழாக்க வேண்டியது சர்வர். பெட்டியில் இருப்பதை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, சர்வரில் அவரவர் லாகினில் தமிழ்99 சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களையும் சர்வரில்தான் போட வேண்டும். நிறுவும்போது 'எல்லா பயனர்களுக்கும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் போட்டவர் திரையில் மட்டும் தமிழ் தெரியும், மற்றவர்களுக்கு ஆங்கில எழுத்துக் குவியல்தான்.